கிரேன் அக்கா வாங்கிய மெஷின்

கிரேன் அக்கா என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து மூச்சு வாங்கத் தூக்குகிற நோயாளியை ஒண்டியாளாகக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிவிடுவாள். ஒருநாள் ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, கிரேனா?" என்று கேட்டார். அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற அன்று வெட்டிய கேக்கின் மேலும் அதையே எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். பெருமைப்பட்டுத் தொலையட்டும், அந்தப் பெருமைக்கெல்லாம் சேர்த்து முதுகு அழுதுகொண்டிருந்தது.

அவள் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். வாட்டசாட்டமான ஆள், வாய் அதைவிடப் பெரிசு. அக்கா ஓய்வு பெற்ற வருஷமே அவரைப் பக்கவாதம் அடித்துப்போட்டது. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறிவிட்டது. தண்ணீர் கேட்டால் யாருக்கும் புரியாது. ஆனால் திட்டு இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, கணீரென்று வரும். கழுதை என்பார், முண்டம் என்பார், ஓர் எழுத்து பிசகாது. மூளையில் சாதாரணப் பேச்சு ஓரிடத்திலும் திட்டு வேறோர் இடத்திலும் இருக்குமென்று டாக்டர் விளக்கினார். கல்யாணமான நாளிலிருந்து மனுஷன் அந்த இடத்தைத்தான் அதிகம் புழங்கியிருக்கிறார், அதுதான் துரு பிடிக்கவில்லை என்றாள் அக்கா.

பார்த்துக்கொள்ள ஆள் வைக்காமல் இல்லை. வந்தவர்கள் எல்லாரையும் வாயாலேயே துரத்தினார். கடைசியாக வந்தவன் மேல் இடது கையால் தண்ணீர்ச் செம்பை விட்டெறிந்தார். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான். அப்புறம் அக்காதான். காலையில் எழுப்பி உட்காரவைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது, பாத்ரூமுக்குக் கொண்டுபோவது, குளிப்பாட்டுவது, திரும்பக் கட்டிலில் போடுவது, எல்லாம் அவள் ஒருத்தி. மகன் அதே வீட்டில்தான் இருந்தான். அவனுக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்திருக்கிறதாம், குனியக்கூடாதாம். ஜிம்முக்குப் போகிற நேரத்தில் மட்டும் அந்த டிஸ்க் ஒழுங்காகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் பாத்ரூம் வாசலில் அக்காவுக்குக் கை நழுவிவிட்டது. அவர் விழுந்தார், அவர்மேல் அவளும் விழுந்தாள். அவருக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. மகனும் மருமகளும் வேலை முடிந்து வருகிறவரைக்கும் இரண்டு பேரும் ஈரத் தரையில் அப்படியே கிடந்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவள் புடவைத் தலைப்பை அவர் புருவத்தில் அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

இனி முடியாது என்று மகன் ஒரே போடாகப் போட்டான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஹோம் ஒன்றை அவனும் மருமகளும் ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். சுத்தமாக இருக்கிறதாம், தோட்டம் இருக்கிறதாம். தோட்டத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று அக்கா கேட்டாள். மருமகள் போனில் தோட்டத்தின் படத்தை எடுத்துக் காட்டினாள்.

அக்கா ஹோம் வேண்டாம் என்றது வேறு காரணத்துக்காக. புருஷன்மேல் உயிரை வைத்திருந்தாள் என்றெல்லாம் கதை விடமாட்டேன், அந்த மனுஷன் அதற்கு இடம் கொடுத்ததே இல்லை. அவளுக்கு வார்டு தெரியும். பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் உட்காராத கட்டில் என்ன கதிக்கு ஆளாகும் என்று தெரியும். இரண்டு ஸ்பூன் ஊட்டிவிட்டு, வேண்டாம் என்கிறார் என்று தட்டை எடுத்துவிடுவார்கள். தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும், வெளியே வந்தால்தானே துணி மாற்றவேண்டும். கேட்க ஆள் உள்ள நோயாளிக்கு ஒரு கவனிப்பு, கேட்க நாதியில்லாதவருக்கு ஒரு கவனிப்பு. இதெல்லாம் அவள் கேள்விப்பட்டது இல்லை, கைப்படச் செய்தது. ஆள் பற்றாத நாட்களில் எல்லாரையும்போல அவளும் செய்தாள். அந்தக் கையில் தன் வீட்டுக்காரரைக் கொடுப்பதா?

அதனால் மகனிடம் கெஞ்சவில்லை, வாதாடினாள். "எனக்குத் தெம்பு போயிடுச்சு, அவ்ளோதானே? வரவழைச்சுக்கறேன்" என்றாள். எலும்பு டாக்டர் அவளை எடை தூக்கிப் பயிற்சி செய்யச் சொல்லி வெகுநாளாயிற்று. இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று விட்டுவைத்திருந்தாள்.

மகன் சிரித்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, சரி என்றான். "அப்பா அறுபத்தெட்டு கிலோ. நீ அறுபத்தெட்டு தூக்கிக் காட்டு, அப்பாவை யாரும் எங்கயும் அனுப்பமாட்டாங்க." நிபந்தனை போட்டவனுக்கு உள்ளே வேறு ஆசையும் இருந்தது. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஸ்மார்ட் ஜிம் மெஷின் ஒன்றை வாங்கவேண்டும் என்று அவனும் மருமகளும் மாதக்கணக்காகப் போனில் பார்த்துப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அம்மாவுக்காக வாங்குகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஷோரூமில் மூன்று மெஷின் காட்டினார்கள். முதலாவது ஆளுயரக் கண்ணாடி மாதிரி சுவரில் தொங்குவது. இரண்டு பக்கமும் கை முளைத்திருக்கும், இரும்புத் தட்டு எதுவும் கிடையாது, உள்ளே இருக்கிற மோட்டார்தான் எடையைக் கொடுக்கும். மருமகளுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, அதன் முன்னால் நின்று தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். ஆனால் கெட்டியான கான்கிரீட் சுவரில்தான் மாட்டலாமாம். இவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் உள்சுவர் எல்லாம் வெறும் பலகை, ஆணி அடித்தால் பக்கத்து அறையில் தலை நீட்டும். இரண்டாவது, தரையில் போடுகிற பலகை. மேலே ஏறி நின்று கயிற்றை இழுக்கவேண்டும். வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். அக்கா அதற்கு எவ்வளவு எடை வரும் என்று கேட்டாள். நாற்பத்தைந்து என்றான் விற்பனையாளன். அக்கா அந்தப் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை.

மூன்றாவது பெரியது. தன் காலிலேயே நிற்கும், சுவரில் மாட்டவேண்டாம், சுவரோரம் இடம் இருந்தால் போதும். நூறு கிலோவரை போகும். கைகளை எந்த உயரத்துக்கு வேண்டுமானாலும் இறக்கி ஏற்றலாம். விற்பனையாளன் அதைத் தோள் உயரத்தில் வைத்து நெஞ்சு விரியும், கை திரளும் என்று அளந்துகொண்டிருந்தான். அக்கா அவனை நிறுத்தி, பக்கத்திலிருந்த பெஞ்சில் படுக்கச் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"படுங்க தம்பி, ஒண்ணும் பண்ணமாட்டேன்."

பாவம், படுத்தான். அக்கா முழங்காலைப் பெஞ்சின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, ஒரு கையை அவன் அக்குளுக்கடியிலும் இன்னொரு கையைத் தொடைக்கடியிலும் விட்டாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. தன் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, மெஷினின் கையை அதே உயரத்துக்கு இறக்கச் சொன்னாள். இறங்கியது. இழுத்துப் பார்த்தாள். கட்டிலிலிருந்து ஆளைத் தூக்கும்போது எங்கே பிடிக்குமோ சரியாக அங்கேயே பிடித்தது.

"இதுதான்" என்றாள்.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். அழகுக்கு வாங்குகிறவள் கண்ணாடியை வாங்கியிருப்பாள், இடத்துக்குப் பயந்தவள் பலகையை வாங்கியிருப்பாள். தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? வீட்டுக்காரரைத் தூக்குகிற மாதிரியே தூக்குகிற மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வீட்டுக்கு வந்து மகன் டேப்பை எடுத்தான். ஹாலில் ஜன்னல் பாதிச் சுவரைத் தின்றிருந்தது, மீதியில் ஒரு கட்டில்கூடப் போட முடியாது. மகன் அறையில் சுவர் முழுக்க அலமாரி, அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பாக்கி இருந்தது அப்பாவின் கட்டில் கிடந்த சுவர் ஒன்றுதான். மெஷினுக்கு முன்னால் ஆள் நின்று குனிய இடம் வேண்டும், பெஞ்ச் போட இடம் வேண்டும். டேப்பைக் கட்டிலின் குறுக்கே அவர் வயிற்றின் மேலேயே போட்டு அளந்தான். அவர் இடது கையால் டேப்பைத் தட்டிவிட்டு, நாயே என்றார்.

அளந்து முடித்துவிட்டு மகன் ஹாலுக்கு வந்து பொறுமையாக விளக்கினான். அவன் பொறுமையாகப் பேசினால் ஏதோ சுருக்குப் போடுகிறான் என்று அர்த்தம். அப்பா கட்டில் இருந்தால் மெஷின் வராது. மெஷின் வராவிட்டால் அம்மாவுக்குத் தெம்பு வராது. தெம்பு வராவிட்டால் அப்பா ஹோமுக்குத்தான் போகவேண்டும். அதனால் அப்பா இப்போதே ஹோமுக்குப் போய்விட்டால், அம்மா தெம்பு ஏற்றிக்கொண்டு அப்புறம் அழைத்து வந்துவிடலாம். மருமகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நாள்தானே அத்தை என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஓட்டை தெரியவில்லை. பலகையையே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்பத்தைந்து அறுபத்தெட்டு ஆகாதே என்ற பிடிவாதம் வாயை அடைத்துவிட்டது. அடுத்த நாள் சரி என்றாள்.

வண்டி வந்த அன்று, கொஞ்ச நாள்தாங்க, நானே வந்து தூக்கிட்டு வருவேன் என்று அவர் காதில் சொன்னாள். லிஃப்ட் கதவு மூடுகிறவரைக்கும் அவர் அவளைத் திட்டினார். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கட்டில் போன இடத்தில் மெஷின் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேசும். முதுகை நேராக வையுங்கள், இன்னும் இரண்டு தடவைதான், பிரமாதம், அசத்திவிட்டீர்கள் என்று தேனாக ஒழுகும். முதல் நாள் இருபது கிலோவையே அக்கா பாதியில் விட்டுவிட்டாள். அதற்கும் பிரமாதம் என்றது. அவளை அதுவரைக்கும் யாரும் பிரமாதம் என்று சொன்னதில்லை. அக்கா யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

காலையில் மருமகள், மாலையில் மகன், நடுவில் ஆள் இல்லாத பகல் முழுக்க அக்கா. வாரம் ஏற ஏற எடையும் ஏறியது. இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது, ராத்திரியில் புரட்டிப் போட யாரும் இல்லையே. கன்னத்தில் சதை பிடித்தது. கீழ்த்தளத்தில் பார்க்கிறவர்கள், அக்காவுக்கு வயது குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். சொல்லவே நாக்கு கூசுகிறது, அவளுக்கு அது பிடித்திருந்தது. அவர் இல்லாத வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படித் தோன்றிய நிமிஷமே ஓடிப்போய் இன்னும் ஐந்து கிலோ ஏற்றி இழுப்பாள், அவருக்காகத்தான் இழுக்கிறோம் என்று தன்னைத் தானே நம்பவைக்க.

ஞாயிறுதோறும் ஹோமுக்குப் போனாள். போகும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். கழுத்துவரை போர்வை. ஆளைத் தூக்கி மாற்றுகிற பையன்கள் அறைக்குள் வந்தால் மட்டும் அதற்குள் இன்னும் சுருங்குவார். சொந்தக்காரர்கள் நோயாளியைத் தொடக்கூடாது, போர்வையை விலக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அவள் வார்டிலும் அதேதான் சட்டம், வருகிறவர்களை அதட்டி உட்காரவைத்தவளே அவள்தான். அதனால் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக் கதை சொல்வாள். அவர் திரும்பவில்லை. திட்டக்கூட இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிடரியைப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் இரண்டு நரம்பும் கயிறு மாதிரி எழும்பி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. சாப்பிடுகிறாரா என்று அங்கே வேலை செய்கிற பெண்ணைக் கேட்டாள்.

"அவரே வேணாங்கறாருக்கா" என்றாள் அந்தப் பெண். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வாக்கியத்தை அக்காவுக்குத் தெரியாதா? எத்தனை பேர் வீட்டு ஆட்களிடம் அவளே சொன்னது. உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அப்போதே அவரை வாரிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவள் ஐம்பத்திரண்டில் இருந்தாள். ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு அறுபத்தெட்டைத் தூக்கி மறுபடியும் கீழே போட்டால்? அப்புறம் மகன் ஜென்மத்துக்கும் விடமாட்டான். இன்னும் பதினாறு கிலோதானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி எழுந்து வீட்டுக்கு வந்தாள். வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றாள்.

அறுபத்தெட்டு வந்த அன்று மெஷின் திரையில் பூவாகக் கொட்டியது. அந்தக் குரல் வாழ்த்துச் சொன்னது. அக்கா உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் மகன் வந்ததும் அவன் கண்ணெதிரே இன்னொரு தடவை தூக்கிக் காட்டினாள். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். இவள் தூக்குவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. ஆள் தூக்குவது வேறு, எடை தூக்குவது வேறு என்று இழுத்தான். மருமகள் மெஷினை எங்கே வைப்பது என்று கேட்டாள். தெருவில் வை என்றாள் அக்கா. அப்படியொரு அதட்டலை அந்த வீட்டில் யாரும் அவளிடமிருந்து அதற்கு முன் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று மகன் இறங்கி வந்தான்.

அதற்குள் அவனுக்கு வேறு யோசனை வந்துவிட்டது. அந்த மெஷின் வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். அம்மா இந்த வயதில் அப்பாவை அலாக்காகத் தூக்குகிற வீடியோவைப் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று மருமகளிடம் சொன்னான். வழி முழுக்க உற்சாகமாகத்தான் வண்டி ஓட்டினான்.

ஹோமில் கையெழுத்தெல்லாம் முடிந்தது. வேலைக்காரப் பெண் சக்கர நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்து, நானே மாற்றிவிடுகிறேன் அக்கா என்றாள். அக்கா அவளைக் கையால் ஒதுக்கினாள். மகன் கால்மாட்டில் நின்று போனை உயர்த்திப் பிடித்தான்.

"என்னங்க, நான் வந்துட்டேன்" என்றாள் அக்கா. திட்டுக்காக ஒரு நிமிஷம் காத்திருந்தாள். வரவில்லை. போர்வையோடு சேர்த்து ஒரு கையை அக்குளுக்கடியில் விட்டாள், இன்னொன்றைத் தொடைக்கடியில் விட்டாள். முழங்காலை முட்டுக்கொடுத்தாள். முதுகை நேராக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, அறுபத்தெட்டுக்கு என்ன வேண்டுமோ அவ்வளவையும் திரட்டித் தூக்கினாள்.

வந்த வேகத்தில் அவர் தலை அவள் தாடையில் மோதியது. அவளே இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். கையில் போர்வை இருந்தது, போர்வைக்குள் எலும்பு இருந்தது. ஆளைக் காணோம். தொடை இருக்கவேண்டிய இடத்தில் அவள் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. இதைத் தூக்க கிரேன் வேண்டாம், மெஷின் வேண்டாம். கை நழுவிய அன்றைக்கு இருந்த தெம்பே போதும்.

அக்காவுக்கு எல்லாம் புரிந்தது. அவள் ஐந்து ஐந்து கிலோவாக ஏற்றிக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரமும் இங்கே என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது.

"சூப்பர்ம்மா" என்றான் மகன் போனைப் பார்த்துக்கொண்டே. "ஆனா திடீர்னு தூக்கிட்ட, முகம் சரியா விழல. வச்சிட்டு இன்னொரு தடவை தூக்கேன், மெதுவா."

அக்கா அவனைப் பார்த்தாள். கால்மாட்டுக்குப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"போனை உள்ள வை. இந்தா, நீ புடி."

"அம்மா, எனக்கு டிஸ்க்…"

"புடிடா."

அவன் கைகள் நீள்வதற்குள் அவள் அவரை அதில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். கனத்துக்குத் தயாராகக் காலை அகட்டி நின்றவன் அப்படியே நின்றான். முகத்திலிருந்த சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் கண்ணைத் திறந்து தன்னைப் பிடித்திருக்கிறவனை அண்ணாந்து பார்த்தார். இடது கையால் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திட்டு வருகிற அதே குரலில், குழறல் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி கணீரென்று சொன்னார்.

"போட்டுடாதீங்க சார்."